தோப்பும்படியில் தமிழர் எத்தனை பேர்?

தோப்பும்படிச் சந்திப்பில் அரைமணி நேரம் நின்று செவிகொடுப்பவர்க்கு அங்கே தமிழ் ஒலிக்காத நிமிடம் அரிது என்பது விளங்கும். மீன்பிடித் துறைமுகத்தில் குமரி மாவட்டக் கடலோடிகளின் தமிழ்; பாலங் கடந்தால் வெல்லிங்டன் தீவுப் பக்கத்து வாத்துருத்தியில் மதுரை, திண்டுக்கல், தேனி வட்டாரங்களிலிருந்து வந்த கட்டட வேலைக்காரரின் தமிழ்; கோட்டைக் கொச்சியின் சலவைத்துறையில் பல தலைமுறைகட்கு முன்னரே குடியேறிவிட்ட வண்ணார் குடும்பங்களின் தமிழ். இத்தனையும் கேட்ட பின்னர், இங்கே தமிழர் எத்தனை பேர் வாழ்கின்றனர் என்று ஒருவர் வினவினால் விடை சொல்ல நம்மிடையே ஆளில்லை. ஒருவர் பத்தாயிரம் என்பார்; மற்றொருவர் ஐம்பதாயிரம் என்று அடித்துப் பேசுவார். இருவரும் எண்ணிப் பார்த்தவரல்லர்.

இவ்வினாவை ஈண்டு எழுப்புவதற்குக் காரணம் உண்டு. நம் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் கல்லூரிகளில் சமூகவியல் பயில்கின்றனர். ஆய்வேடு எழுதும் பருவம் வந்ததும் 'கொச்சித் தமிழர்' என்னும் பொருளை விருப்பத்துடன் தெரிந்தெடுக்கின்றனர். பின்னர் நம்மிடம் வந்து, "ஐயா, புள்ளிவிவரம் எங்கே கிடைக்கும்?" என்கின்றனர். யாரோ எங்கோ எழுதிய தொகை ஒன்றை எடுத்து ஒட்டிக்கொள்வது எளிது. ஆசிரியர் அதனை அடித்துவிடுவதும் எளிது. நாட்டரசு பெரும்பொருள் செலவிட்டுத் திரட்டி வைத்திருக்கும் கணக்குகள் பலவும் இன்று வீட்டிலிருந்தபடியே பெறத்தக்கனவாக இருக்கின்றன. அவற்றை எங்கே தேடுவது, எவ்வாறு பயன்கொள்வது, எங்கே அவை கைவிடும் என்பனவற்றைப் பிள்ளைகட்கும் அவர்தம் பெற்றோர்க்கும் சொல்லி வைப்பது நன்றெனக் கருதினோம். பெற்றோர்க்கும் ஏன் என்றால், கணக்கெடுப்பவர் வந்து கதவைத் தட்டும்போது விடை கூறுபவர் அவர்களே அல்லவா?

கணக்குகளுள் மூத்தது மக்கள் தொகைக் கணக்கெடுப்பு. நாடு முழுவதும் ஒரே காலத்தில் எண்ணும் முறை 1881ஆம் ஆண்டில் தொடங்கியது. அன்றுமுதல் 2011 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாது நடந்துவந்த இப்பணி, 2021ல் கொள்ளைநோயால் தடைப்பட்டது. அடுத்த கணக்கு 2027 மார்ச் 1ஆம் நாளை அடிப்படையாகக் கொள்ளும் என 2025 ஜூன் மாதத்தில் அரசு அறிவித்தது. ஆகவே இப்போது எழுத அமரும் மாணாக்கர்க்கு 2011ஆம் ஆண்டுக் கணக்கே கைக்கெட்டும் முழுக்கணக்கு. அது பழையதாயிற்றே என்று மனம் சலிக்க வேண்டா. பழங்கணக்கு என்று சொல்லியே பயன்படுத்தினால் குற்றமில்லை.

அக்கணக்கில் நமக்கு வேண்டியவை இரு வரிசைகள். 'சி' வரிசையில் பதினாறாம் அட்டவணை தாய்மொழிவாரியாக மக்களைப் பகுக்கின்றது; பதினேழாம் அட்டவணை ஒருவர் அறிந்த இரண்டாம், மூன்றாம் மொழிகளைக் கூறுகின்றது. 'டி' வரிசை இடப்பெயர்ச்சிக்கு உரியது: எங்கே பிறந்தவர், இறுதியாக எங்கே வாழ்ந்தவர், எதன்பொருட்டு வந்தவர் என்பன அதிற் காணப்படும்.

பதினாறாம் அட்டவணையைப் பிரித்த மாத்திரத்திலேயே மாணாக்கர்க்கு நல்லதொரு புதிர் காத்திருக்கின்றது. 2001ல் கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கூறியோர் 5,96,971 பேர். 2011ல் அத்தொகை 5,02,516. அதே பத்தாண்டில் கேரள மக்கள் தொகை 3 கோடியே 18 இலட்சத்திலிருந்து 3 கோடியே 34 இலட்சமாக உயர்ந்தது. மாநிலம் வளர, நம் எண்ணிக்கையோ ஏறத்தாழ 94 ஆயிரம் குறைந்திருக்கின்றது. நூற்றுக்கு 1.87 ஆக இருந்த பங்கு 1.50 ஆயிற்று. வண்டி நிரம்ப வேலையாட்கள் வந்திறங்கும் காட்சியைக் கண்ணாற் கண்டவர்கள் இதனை நம்ப மறுப்பர். எனினும் அட்டவணை அவ்வாறுதான் கூறுகின்றது.

ஏன் குறைந்தது? தமிழகத்திலிருந்து வருவோர் தொகை சுருங்கி, அவ்விடத்தை வங்காளம், அசாம், ஒடிசா முதலிய மாநிலத்து இளைஞர்கள் நிரப்பியிருக்கலாம். வந்த தமிழர் சிலர் கணக்கெடுப்பின்போது சொந்த ஊரிலேயே எண்ணப்பட்டிருக்கலாம். மலையாளப் பள்ளியிற் பயின்று மலையாளத்திலேயே கனவு காணும் பேரப்பிள்ளைகள் தாய்மொழி மலையாளம் என்று சொல்லியிருக்கலாம். தோட்டங்களை விட்டு முதியோர் ஊர் திரும்பியிருக்கலாம். இந்நான்கினுள் எது எவ்வளவு என்பதை அட்டவணை சொல்லாது. எண் கேள்வியைத்தான் தருகின்றது. விடையைத் தேடுவதற்கே சமூகவியல் என்றொரு கலை ஏற்பட்டிருக்கின்றது. மாணாக்கர் பலர், "தமிழ் அழிந்து வருகிறது என 2011 கணக்கு மெய்ப்பிக்கின்றது" என்று எழுதிவிட்டு அடுத்த இயலுக்குப் போய்விடுகின்றனர். அது கணக்கின்மேல் ஏற்றிய சுமை.

இன்னொன்றும் அறிதல் வேண்டும். 'தமிழ்' என்னும் தலைப்பின்கீழ் வரும் தொகை தமிழ் என்று கூறியோரை மட்டும் கொண்டதன்று. 2011ல் மக்கள் கூறிய தாய்மொழிப் பெயர்கள் 19,569. அவற்றைச் சீர்செய்து 1,369 ஆக்கி, பின்னர் பத்தாயிரம் பேர்க்கு மேல் பேசும் 121 மொழிகளின்கீழ்த் தொகுத்தனர். அத்தொகுப்பில் இருளர் மொழி, கைக்காடி முதலியனவும் தமிழின்கீழ் அடங்கும். தொகுப்பு எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அட்டவணையின் குறிப்புரை விளக்கும். குறிப்புரை படியாதவர் அட்டவணை படிக்கத் தொடங்காதிருத்தலே நலம்.

சரி, கேரளத்துக்குக் கிடைத்தது. தோப்பும்படிக்குக் கிடைக்குமா? தாய்மொழி அட்டவணை மாவட்டம், வட்டம் என்ற அளவுவரை இறங்கி வருகின்றது. எர்ணாகுளம் மாவட்டத்தையும் கொச்சி வட்டத்தையும் தனித்தனியே பார்த்துக்கொள்ளலாம். அதற்கும் கீழே, நகராட்சி வார்டு அளவில் வெளியிடப்படும் அடிப்படைச் சுருக்கத்தில் மக்கள் தொகை, எழுத்தறிந்தோர், உழைப்போர், பட்டியல் சாதியினர் ஆகியோரின் தொகை உண்டு, மொழி இல்லை. ஆகவே நாம் தலைப்பில் எழுப்பிய வினாவிற்கு அச்சிட்ட விடை எந்த அரசு ஏட்டிலும் கிடையாது. இதனை நேராகச் சொல்லிவிட்டுத் தொடங்கும் ஆய்வேட்டுக்கு மதிப்பு கூடுமேயன்றிக் குறையாது.

இனி மாதிரி ஆய்வுகளைப் பார்ப்போம். எல்லாரையும் எண்ணாமல் சிலரை மட்டும் தேர்ந்து விரிவாக வினவும் முறை இது. இந்நாட்டில் இதனை வேரூன்றச் செய்தவர் பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். கல்கத்தாவில் 1931ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை அமைத்தவர். வங்காளத்துச் சணல் வயல்களின் பரப்பை ஒவ்வொரு வயலாக அளக்காமல், தேர்ந்தெடுத்த சிலவற்றை மட்டும் அளந்து மிகக் குறைந்த செலவில் நம்பத்தக்க மதிப்பீடு காணலாம் என்று செய்து காட்டினார். அவ்வழியிலேயே 1950ல் தேசிய மாதிரி ஆய்வு பிறந்தது. அவர் பிறந்த ஜூன் 29ஆம் நாளைப் புள்ளியியல் நாளாக 2007 முதல் கொண்டாடி வருகின்றனர்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பாட்டிமார் சொல்வர். பானையை நன்றாகக் கிளறிய பின்னரே அது மெய். அடியில் குழைந்து மேலே விதையாய் நிற்கும் சோற்றில் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினால் என்ன தெரியும்? அதனால்தான் மாதிரி ஆய்வாளர் நாட்டை முதலில் ஊரகம், நகரம் என்றும், மாவட்டம் மாவட்டமாகவும் அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலும் குலுக்கல் முறையில் ஊர்களையும், ஊர்களுக்குள் வீடுகளையும் தேர்கின்றனர்.

இதிலிருந்து பிறக்கும் ஒரு நுட்பத்தைத் தவறவிட்டு ஆய்வேட்டைப் பாழாக்கிக்கொண்டவர் பலர். உதாரணமாக, ஓர் ஊரில் 1,000 வீடுகள். மற்றோர் ஊரில் 200 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் பத்துப் பத்து வீடுகளைத் தேர்ந்தனர். பெரிய ஊரில் இரண்டு வீடும் சிறிய ஊரில் எட்டு வீடும் வெளியூரிலிருந்து வந்த குடும்பங்கள். இருபதில் பத்து, ஆகவே சரிபாதி என்று மாணாக்கர் எழுதிவிடுவார். ஆனால் பெரிய ஊரின் ஒவ்வொரு மாதிரி வீடும் நூறு வீடுகளுக்குப் பிரதிநிதி. சிறிய ஊரினது இருபதுக்கு மட்டுமே. எனவே 200ம் 160ம் சேர்ந்து 360 வீடுகள், மொத்தம் 1,200. பங்கு நூற்றுக்கு முப்பதுதான். ஐம்பது எங்கே, முப்பது எங்கே! தரவுக் கோப்பில் ஒவ்வொரு வீட்டின் எதிரிலும் இந்தப் பெருக்கெண் தரப்பட்டிருக்கும். வெளியிற் சென்றோர் உள்ள வீடுகளை வேண்டுமென்றே மிகுதியாகத் தேரும் ஆய்வுகளும் உண்டாதலால், பெருக்கெண்ணைக் கொள்ளாத கணக்கு கணக்கே அன்று.

நம்போன்றோர்க்கு மிக வேண்டிய ஆய்வு 2007 ஜூலை முதல் 2008 ஜூன் வரை நடந்த 64ஆவது சுற்று. வேலைவாய்ப்போடு இடப்பெயர்ச்சியையும் விரிவாக வினவிய அச்சுற்றில் 1,25,578 குடும்பங்களிடம் தகவல் பெற்றனர். பின்னர் 2020-21ஆம் ஆண்டின் தொழிலாளர் நிலை ஆய்விலும் இடப்பெயர்ச்சி வினாக்கள் சேர்க்கப்பட்டு, 2022ல் தனியறிக்கை வெளியாயிற்று. நாட்டு மக்களுள் நூற்றுக்கு 28.9 பேர் இடம்பெயர்ந்தோர் என்பது அதன் முடிவு. பெருந்தொற்றுக் காலத்தில் எடுத்த கணக்கு என்பதை மறவாமல் அதனைக் கையாள வேண்டும்.

அச்சுற்றுகளின் எண்களைக் காட்டிலும் அவற்றின் வரையறைகளையே நாம் மாணாக்கர்க்கு மிகுதியாகப் பரிந்துரைப்போம். 'குடும்பம்' என்றால் என்ன? ஒரே அடுப்பில் உண்டு சேர்ந்து வாழ்வோர் என்கின்றது மாதிரி ஆய்வு. வாத்துருத்தியில் ஓர் அறையில் ஆறு ஆடவர் தங்கி, முறை வைத்துச் சமைத்து உண்கின்றனர். தேனியில் அவர்தம் மனைவி மக்கள் வேறு அடுப்பில் உண்கின்றனர். இவ்வறுவரும் ஒரு குடும்பமா, ஆறு குடும்பங்களா? விடுதியில் வாழ்வோரைத் தனித்தனிக் குடும்பமாகக் கொள்க, ஆனால் வருவாயைச் சேர்த்துச் செலவிடுவோராயின் ஒன்றாகக் கொள்க என்று அறிவுறுத்தற் கையேடு கூறுகின்றது. தீபாவளிக்கு ஊருக்குப் பணம் அனுப்பும் ஒருவர்க்கு அவர் குடும்பம் தேனியில் இருக்கின்றது. ஆய்வேட்டில் தோப்பும்படியில் இருக்கின்றது.

'வாழுமிடம்' என்பதும் அவ்வாறே. ஆறு மாதமோ அதற்கு மேலோ தொடர்ந்து தங்கிய, அல்லது தங்க எண்ணிய இடமே வழக்கமான வாழுமிடம். ஒரு மாதத்துக்குக் குறையாமலும் ஆறு மாதத்துக்கு உட்பட்டும் வேலை தேடி வெளியே சென்று வந்தவரை 64ஆவது சுற்று குறுங்காலப் பெயர்ச்சியாளர் என்று தனியே எண்ணியது. பொங்கலுக்குப் போய் மாசியில் திரும்பி, ஆனியில் மழை வலுத்ததும் மீண்டும் ஊர்போகும் கொத்தனார் எதிற் சேர்வார்? கடலிற் பல நாள் தங்கிக் கரைக்கு வந்து போகும் தூத்தூர்ப் படகோட்டியின் வீடு எது? கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை இழுவலைத் தடை நிலவுகின்றது. அந்நாட்களில் துறைமுகத்தில் நின்று எண்ணுபவர்க்கு ஒரு தொகை, தை மாதத்தில் எண்ணுபவர்க்கு மற்றொரு தொகை. இவ்விடர் நோக்கியே மாதிரி ஆய்வினர் ஓராண்டை நான்கு மும்மாதங்களாகப் பகுத்து வேலை செய்கின்றனர்.

பிறப்பிடக் கணக்கில் நம் வழக்கம் ஒன்றே குழப்பம் விளைக்கின்றது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு செல்வாள். குழந்தை திண்டுக்கல்லிற் பிறந்து, ஐந்தாம் மாதம் தோப்பும்படிக்கு வருகின்றது. பிறப்பிடத்தை வைத்துப் பார்த்தால் அக்குழந்தை இடம்பெயர்ந்தவர்! அதன் தம்பி இங்குள்ள மருத்துவமனையிற் பிறந்தவனாயின் அவன் மண்ணின் மைந்தன். இதனை உணர்ந்தே கணக்கெடுப்பினர், பெயர்ச்சிக்கான காரணங்களுள் 'பிறந்தபின் பெயர்ந்தது' என்ற ஒன்றைத் தனியே வைத்திருக்கின்றனர். இறுதி வாழிடம் பற்றிய வினா 1971லும், பெயர்ச்சிக் காரணம் பற்றிய வினா 1981லும் சேர்ந்தன. ஆதலால் அதற்கு முற்பட்ட ஆண்டுகளோடு ஒப்பிட விழைவோர் பிறப்பிடத்தை மட்டுமே கொள்ள முடியும்.

பெண்டிர் செய்தியைப் பற்றிச் சிறிது கூடுதலாகவே சொல்ல வேண்டும். 64ஆவது சுற்றின்படி ஊரகத்தில் இடம்பெயர்ந்த பெண்களுள் நூற்றுக்கு 91 பேரும், நகரத்தில் 61 பேரும் திருமணத்தின்பொருட்டே பெயர்ந்தனர். இதனைப் படிக்கும் மாணாக்கர், நம் பெண்கள் உழைக்க வந்தவரல்லர் என்று முடிவு கட்டிவிடுகின்றனர். கணவனோடு வந்த பெண் மறுமாதமே சிற்றாளாகச் செங்கல் சுமக்கச் செல்வாள். மீன் உரிக்கும் கொட்டகைக்குச் செல்வாள். நாலு வீட்டில் பாத்திரம் துலக்குவாள். கணக்கெடுப்பவர் கேட்பது ஏன் வந்தாய் என்ற ஒன்றே. அதற்கும் ஒரே காரணத்தைத்தான் குறித்துக்கொள்வார். 'கட்டிக்கொடுத்தார்கள், வந்தேன்' என்பது பொய்யன்று. ஆனால் அவ்விடைக்குள் அவள் உழைப்பு மறைந்துபோகின்றது. வந்த காரணத்தையும் இன்றைய தொழிலையும் ஒரே பெண்ணின் வரியில் இணைத்துப் பார்த்தால் மறைந்தது வெளிப்படும். அச்சிட்ட அறிக்கையில் இதனைச் செய்ய இயலாது. தனியாள் தரவில்தான் இயலும்.

அத்தனியாள் தரவு எங்கே உள்ளது எனின், மைய அரசின் புள்ளியியல் அமைச்சகம் நடத்தும் நுண்தரவுத் தளத்தில் உள்ளது. பெயர் பதிந்துகொண்டு கட்டணமின்றிப் பெறலாம். இறக்கியதும் கண்ணுக்குப் படுவது எண்களின் காடு: இடைவெளியின்றி அடுக்கிய இலக்கங்கள். எந்த இலக்கம் எதைக் குறிக்கும் என்பதை உடன்வரும் அமைப்புக் கோப்பு சொல்லும். கேரளம் 32, தமிழ்நாடு 33. வாளையாற்றையும் குமுளியையும் கடந்து நாம் வந்த வழியெல்லாம் அங்கே ஓரெண் வேறுபாடு! வினாத்தாள், அறிவுறுத்தற் கையேடு, அமைப்புக் கோப்பு ஆகிய மூன்றையும் அச்சிட்டுக் கையில் வைத்துக்கொண்டு, பின்னரே 'ஆர்', 'ஸ்டேட்டா' முதலிய மென்பொருளைத் தொடுக. முதல் வேலையாக அறிக்கையில் அச்சாகியுள்ள ஒரு தொகையைத் தாமே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். அது அச்சிட்டதோடு ஒத்தால் வழி சரி. ஒவ்வாவிடில் மேலே செல்லற்க.

பிற ஆய்வுகளும் உள. தேசியக் குடும்ப நல ஆய்வு 1992-93 முதல் நடந்துவருகின்றது. 2019-21ல் நடந்த ஐந்தாம் சுற்று 6,36,699 குடும்பங்களை அடைந்தது. மகப்பேறு, குழந்தை வளர்ச்சி, உணவு ஆகியன அதன் பொருள். பலர் அறியாத செய்தி, அதில் வினவப்பட்டவரின் தாய்மொழியும், வினவிய மொழியும், மொழிபெயர்ப்பாளர் துணை வேண்டியிருந்ததா என்பதும் குறிக்கப்படுகின்றன என்பதே. கேரளத்தில் தமிழ் பேசும் தாய்மாரின் நிலையை ஆராய விரும்புவோர்க்கு அது ஒரு சிறு சாளரம். மாதிரியில் அகப்படுவோர் தொகை சிறிதாகலின் பெரிய முடிவுகளை அதன்மேற் கட்டலாகாது. ஒரே குடும்பங்களை 2004-05லும் 2011-12லும் சென்று கண்ட இந்திய மனித மேம்பாட்டு ஆய்வும் மாணாக்கர்க்கு நல்ல துணை.

கேரள இடப்பெயர்ச்சி ஆய்வு 1998ல் திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தில் தொடங்கிப் பல சுற்றுகள் கண்டது. ஆனால் அது பெரும்பாலும் கேரளத்திலிருந்து வெளியே சென்றோரைப் பற்றியது. 2015ல் நடந்த தமிழ்நாட்டு இடப்பெயர்ச்சி ஆய்வோ தமிழகத்து 20,000 குடும்பங்களிடம், வெளியே சென்றவர் யார் என்று வினவியது. உள்ளே வந்தோரைப் பற்றி எனின், 2013ல் குலாத்தி நிதி, வரியியல் நிறுவனம் வெளியிட்ட ஆய்வு பெயர் பெற்றது. நெடுந்தொலைவு இரயில்களில் வருவோரைக் கணக்கிட்டு, கேரளத்தில் பிற மாநிலத் தொழிலாளர் 25 இலட்சத்துக்கு மேல் என்று அது மதிப்பிட்டது. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் பேருந்தேறி மலையிறங்கி வருபவர் அவ்வலையில் எவ்வளவு அகப்படுவார் என்று நம் பிள்ளைகள் கேட்க வேண்டும். அக்கேள்வி ஒன்றே ஓர் இயலுக்குப் போதும்.

ஆக, நாட்டுக் கணக்கு பின்புலம். தோப்பும்படிக் கணக்கைத் தெருவில் இறங்கித்தான் எடுக்க வேண்டும். அங்ஙனம் எடுக்கும்போது புது வினாக்களைப் புனைந்துகொள்ள வேண்டா. 64ஆவது சுற்றின் வினாக்களை அவ்வாறே தமிழாக்கிக் கேட்டால், நம் இருநூறு வீட்டின் விடையை நாட்டு விடையோடு அருகருகே வைத்துப் பார்க்கலாம். மகலனோபிஸ் கையாண்ட மற்றொரு முறையும் எளியது: ஒரே பகுதியில் இரு குழுவினர் தனித்தனியே மாதிரி எடுப்பர்; இரு முடிவுகளும் நெருங்கி வந்தால் நம்பிக்கை, விலகினால் எச்சரிக்கை. இருவர் சேர்ந்து எழுதும் ஆய்வேடாயின் இது கூடுதல் செலவும் அன்று. மாலை ஏழு மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் செல்க. பகலிற் சென்றால் உழைப்பவர் அகப்படார், முதியோரையும் குழந்தைகளையும் மட்டுமே எண்ணித் திரும்ப நேரும். பெயரும் அட்டை எண்ணும் கேட்க வேண்டா. நம்மவரிடையே, ஏதேனும் எழுதிக்கொடுத்தால் குடியிருக்கும் இடம் போய்விடுமோ என்ற அச்சம் நெடுநாளாக உண்டு. அவ்வச்சத்துக்குக் காரணமும் இல்லாமலில்லை.

அரசுக் கணக்கெடுப்பில் கூறியவை பற்றி அவ்வளவு அஞ்ச வேண்டுவதில்லை. 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டம் தனியொருவர் விவரத்தைப் பிறர் பார்வையிடவோ, வழக்கிற் சான்றாகக் கொள்ளவோ இடந்தருவதில்லை. மறைத்தால் வரும் இழப்பே பெரிது. வகுப்பில் பத்து மாணவர், அல்லது பள்ளியில் நாற்பது மாணவர் இருந்தால் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தரவேண்டும் என்னும் ஏற்பாடு 1949ல் மாநிலக் கல்வி அமைச்சர் மாநாட்டில் வகுக்கப்பட்டது. 1956ல் அரசியலமைப்பின் 350ஏ பிரிவு அதற்கு வலுவூட்டிற்று. மொழிச் சிறுபான்மையினர்க்குரிய பிற காப்புகளும் எண்ணிக்கையை நோக்கியே நடக்கின்றன. எண்ணில் வராதவர் பள்ளி கேட்டுப் போகும்போது, "உங்கள் தொகை எங்கே?" என்றே வினவுவர்.

தாய்மொழி என்பதற்குக் கணக்கெடுப்பு தரும் பொருள், ஒருவரது குழந்தைப் பருவத்தில் அவர் தாய் அவரிடம் பேசிய மொழி என்பது. தாய் இளமையிலேயே மறைந்திருப்பின் அக்காலத்தில் வீட்டில் வழங்கிய மொழி. பள்ளியில் எது பயின்றார், கடைத்தெருவில் எது பேசுகின்றார் என்பது அங்கே வினாவன்று. மலையாளமும் ஆங்கிலமும் அறிந்த வேறு மொழிகள் என்னும் அடுத்த கட்டத்தில் இடம்பெறும். வீட்டிலுள்ள ஒவ்வொருவர்க்கும் இவ்விடை தனித்தனியே எழுதப்படுகின்றது. ஆனால் விடை சொல்பவரோ கதவைத் திறந்தவர் ஒருவரே. தந்தை வேலைக்கும் தாய் மீன் கொட்டகைக்கும் சென்றிருக்க, ஒன்பதாம் வகுப்புப் பையன் கதவைத் திறந்து அனைவர்க்குமாக ஒரே சொல்லில் விடையிறுத்த வீடுகளை நாம் அறிவோம். 2011ஆம் ஆண்டின் மொழி அட்டவணை வெளிவந்தது 2018 ஜூனில். 2027ல் அப்பையன் சொல்லப்போகும் சொல்லை எந்த மாணாக்கர் எந்த ஆண்டில் அட்டவணையிற் காண்பாரோ, அவர்க்கும் இவ்வேட்டின் இப்பக்கம் கிடைக்குமாறு சங்க நூலகத்தில் ஒருபடி எடுத்து வைத்திருக்கின்றோம்.